தொப்பிக்குள் ஒரு மேனேஜர்

தலையில் முடி இருந்தவரைக்கும் மதியழகனுக்குத் தொப்பி போட்டவர்களைக் கண்டால் சிரிப்பு. கணியம்பாடியில் கொல்லையில் நிலக்கடலை பிடுங்குகிற வெயிலில்கூட ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள மாட்டான். சுருட்டை முடி கலைந்துவிடுமாம். அதைச் சீவிக்கொள்ளச் சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சீப்பு. முப்பத்தைந்து வயதுக்குள் அந்த முடி மொத்தமும் கொட்டிப்போனது. சீப்பு மட்டும் இன்னும் சில மாதம் பையிலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான், நாகரிகம் தெரிந்த மனிதன் எவனும் வெறுந்தலையோடு வெளியே வர மாட்டான் என்கிற உண்மையை அவன் கண்டுபிடித்தான். தேவைப்படும்போது உண்மைகள் எப்படித்தான் வந்து சேருகின்றனவோ.

வேலை, ஆம்பூருக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில். தோலை மேஜை மேல் விரித்து, முள் கீறின இடம், உண்ணி கடித்த தழும்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நல்ல இடத்தில் அச்சை வைத்து மிஷினை இறக்க வேண்டும். தோல் வீணாகாமல் வெட்டத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்தான். சூப்பர்வைசர் சர்தார் பாஷாவே வெளியாட்கள் வந்தால் அவன் மேஜையைத்தான் காட்டுவார். இது ஒருவனுக்குப் போதும் என்று நாம் நினைப்போம். மதியழகனுக்குப் போதவில்லை. கம்பெனிக்குள் தொப்பி போட அனுமதி இல்லை. நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, டியூப் லைட் வெளிச்சத்தில் பளபளக்கும் மொட்டை. ஷிஃப்ட் முடிகிறவரைக்கும் அங்கே நிற்பது தானில்லை, வேறு எவனோ என்றுதான் அவன் நினைத்துக்கொள்வான்.

பள்ளிகொண்டாவில் அவன் வீட்டு பீரோவின் மேல் தட்டு முழுக்கத் தொப்பிகள். புடவை வைக்க இடமில்லாமல் மனைவி மோகனா தன் துணிகளைக் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். "முடி போனா போவுது. அதுக்குன்னு மூளையையுமா மூடி வைப்பாங்க?" என்று அவள் கேட்டது தெருவுக்கே தெரியும். அவன் காதில் மட்டும் விழவில்லை.

எல்லாத் தொப்பிக்கும் ராஜா, பெங்களூரில் வாங்கிய அகல விளிம்புத் தொப்பி. காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் தையல் வேலை, முன்பக்கம் கண் வரைக்கும் இறங்கும். இத்தாலியன் கன்றுத் தோல் என்று எல்லாரிடமும் சொல்லுவான். அது சுத்த ரெக்ஸின். நாள் முழுக்கத் தோலைத் தடவிப் பிழைக்கிறவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? கடையில் தொட்டவுடனேயே தெரிந்தது. தெரிந்துதான் வாங்கினான். வேலூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் மண்டை இட்லிச் சட்டி மாதிரி வேகும். வெந்தாலும் கழற்ற மாட்டான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு சங்கம் கிடைத்ததுதான் விபரீதம். 'வேலூர் தொப்பி நண்பர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு ஓட்டல் மாடியில் ஏசி ஹாலில் கூடுவார்கள். விதி இரண்டுதான். கூட்டம் முடிகிறவரைக்கும் யாரும் தொப்பியைக் கழற்றக் கூடாது. ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் பெயர், தொழில், பொழுதுபோக்கு மூன்றையும் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் சொன்னால் சரி. மாதா மாதம் அதே ஆட்கள் அதே ஆட்களிடம் எதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்? காரணம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவருடைய தொழிலும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அரசாங்கத்தில் பத்து வருஷம் காத்திருந்தாலும் வராத பிரமோஷன் அந்த ஹாலில் முப்பது நாளில் வரும்.

தலைவர் துரைசாமி. பச்சை வெல்வெட் தொப்பி, அதில் ஒரு மயிலிறகு. அரக்கோணம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டி ரிட்டையர் ஆனவர். சங்கம் ஆரம்பித்தபோது 'ரயில்வே ஊழியர்' என்றார். பிறகு 'ரயில்வே அதிகாரி' ஆனார். கடைசியாக மதியழகன் கேட்டபோது தென்னக ரயில்வேயே அவரைக் கேட்காமல் ஒரு வண்டியை நகர்த்தியதில்லை என்பதுபோல இருந்தது. அடுத்தவர் சூரியபிரகாஷ். ஏரிப் புறம்போக்குக்குப் பக்கத்தில் கலர் கொடி நட்டு பிளாட் விற்கிற புரோக்கர். அவர் தன்னை 'டவுன்ஷிப் டெவலப்பர்' என்பார். போடுவது மாட்டுக்காரத் தொப்பி, அமெரிக்கா மாடல். பொழுதுபோக்கு குதிரையேற்றமாம். குண்டுச்சட்டிக்குள் ஓட்டியிருந்தால்தான் உண்டு.

மதியழகனுக்கு இவர்கள் எல்லாரையும் பார்த்தால் உள்ளுக்குள் எகத்தாளம். ஒவ்வொருவர் புளுகும் எந்த மாதம் எவ்வளவு ஊதியது என்று மனப்பாடமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து மோகனாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. அவனுடைய கதை என்ன? முதல் மாதம் 'ஷூ கம்பெனியில் கட்டிங்' என்றான். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்து 'கட்டிங் இன்சார்ஜ்' என்றான், இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் 'புரொடக்ஷன் மேனேஜர்' என்று வாயில் வந்தது. உடனே துரைசாமி எழுந்து வந்து கைகுலுக்கி, "நம்ம சங்கத்துக்கே பெருமை சார்" என்றார். சார். மதியழகனை அதற்கு முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் பள்ளிகொண்டா வருகிறவரைக்கும் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துச் சப்பிக்கொண்டு வந்தான்.

அந்தக் கூட்டத்தில் உண்மை சொல்கிற ஒரே ஆள் பூர்ணிமா. வெயிலுக்காகப் போட்ட வெள்ளைத் துணித் தொப்பியோடு வருவாள். "நான் பூர்ணிமா. லேபுல ரத்தம் எடுக்கிறேன். பொழுதுபோக்கு தூங்குறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மாதா மாதம் அதேதான், ஒரு எழுத்து கூடாது. அவளுக்கு முன்னேறத் தெரியவில்லை என்று மதியழகன் பரிதாபப்படுவான்.

வினை துரைசாமியின் மருமகன் உருவத்தில் வந்தது. பெயர் கோபிநாத். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கட்டிங் வேலை செய்துகொண்டிருந்தவன். ஆர்டர் இல்லை என்று அங்கே லைனை மூடிவிட்டார்கள். ஒரு கூட்டம் முடிந்து பக்கோடா தின்னும்போது துரைசாமி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, "மாப்பிள்ளை சும்மா உக்காந்திருக்காரு சார். பொண்ணு கைக்குழந்தையோட என் வூட்லதான் கீது. பேஜாரா இருக்குது. நீங்க மனசு வெச்சா ஒரு நிமிஷ வேலை" என்றார். பொய் சொல்லாத குரலில் அவர் பேசி மதியழகன் கேட்டது அன்றைக்குத்தான்.

"பார்க்கலாம்" என்றான். மேனேஜர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அவனால் உண்மையாகவே முடியும். அவன் கம்பெனியில் கட்டிங்குக்கு ஆள் எடுப்பது மேனேஜர் இல்லை. மேனேஜருக்கு ஆளும் தெரியாது, தோலும் தெரியாது. பழைய ஆள் ஒருத்தன் 'இவன் நம்ம பையன்' என்று சொல்ல வேண்டும். சொன்னவனே ஜாமீன். அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். மதியழகனும் தாய்மாமன் சொல்லித்தான் வந்தான். அந்த வாரமே சர்தார் பாஷா அவன் மேஜைக்கு வந்து, "மதி, உன் பக்கத்து மிஷின் காலியாவுது. கை தெரிஞ்ச ஆளா ஒருத்தன சொல்லுப்பா. நீ சொன்னா போதும், நாளைக்கே சேத்துக்கலாம்" என்றார்.

ஒரு வார்த்தை. கோபிநாத்துக்கு வேலை, துரைசாமியின் பெண்ணுக்குத் தன் குடித்தனம். ஆனால் பக்கத்து மிஷினில் வந்து நிற்கிறவன் தினமும் எதைப் பார்ப்பான்? நீலக் கோட்டையும் மொட்டையையும் பார்ப்பான். மாமனாரிடம் போய்ச் சொல்வான். அதோடு 'சார்' போயிற்று. மதியழகன் தோலைத் தடவிக்கொண்டே, "யோசிச்சு சொல்றேன் பாய்" என்றான். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. அப்போதே முடிவு செய்துவிட்டான்.

துரைசாமி போனில் கூப்பிட்டுப் பார்த்தார். கட்டிங் பிரிவில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மாலையில் எடுத்துப் பார்த்தால் அவருடைய அழைப்புகள் வரிசையாக நிற்கும். இவன் திருப்பிக் கூப்பிடவில்லை. அவரும் விடவில்லை. ஒருநாள் மருமகனைக் கூட்டிக்கொண்டு, கையில் ஆற்காடு மக்கன் பேடா டப்பாவோடு நேராகக் கம்பெனிக்கே வந்துவிட்டார்.

காலை டீ நேரம். எல்லாரும் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்கு வந்திருந்தார்கள். மதியழகன் கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினான். அரை அடி தூரத்தில் மயிலிறகு.

டீ கையில் கொட்டியது. சரி, முடிந்தது என்று நினைத்தான். துரைசாமி அவனை உச்சி முதல் கால்வரை பார்த்தார். மொட்டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மூக்கில் இறங்கியிருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு, "இன்னாப்பா, இந்தக் கம்பெனி ஆளுதானே நீ?" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தான். சிரிப்பு வருமென்று அவர் வாயையே பார்த்தான். வரவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. இரண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுத் தின்ற மனிதர். அத்தனை நாளும் அவர் பார்த்துப் பேசியது ரெக்ஸினோடு.

"ஆமா" என்றான்.

"மேனேஜர் மதியழகன் சார் உள்ள இருக்காரா? செக்யூரிட்டிய கேட்டா அப்படி ஒரு மேனேஜரே இல்லன்றான். புதுசா வந்தவன் போல, ஒண்ணும் தெரியல."

தப்பித்த சந்தோஷம் வர வேண்டும். வந்தது, முழுசாக வரவில்லை. "அவரு ஜெர்மனி போயிருக்காரு" என்றான்.

துரைசாமியின் முகம் மலர்ந்துபோனது. "கேட்டீங்களா மாப்பிள்ள, ஜெர்மனி. நான் சொன்னா நம்ப மாட்டீங்களே" என்று மருமகன் பக்கம் திரும்பினார். கோபிநாத் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் மதியழகனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அச்சுப் பிடித்துக் காய்த்த விரல்கள் அவனுக்கும் இருந்தன.

"அண்ணே, நீங்க கட்டிங்தானே? நானும் கட்டிங்தான்ணே. இங்க ஒரு மிஷின் காலின்னு கேள்விப்பட்டேன். மேனேஜர்லாம் வேணாம்ணே, நீங்க உங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். வேலைய பாத்துட்டு எடுத்துக்கட்டும். உங்க பேரு கெடாம நடந்துக்குவேன்."

சரியான ஆளிடம், சரியான வார்த்தையில் கேட்டான். மதியழகனைச் சங்கத்தில் எத்தனையோ பேர் 'சார் சார்' என்றார்கள். அவனை அவனாகவே பார்த்து, அவன் வார்த்தைக்கு மதிப்பு உண்டென்று நம்பிக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். அது மதியழகனுக்கு உறைத்தது. உறைத்ததால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை ஏன்யா கேக்கிற? நான் யாரு இங்க? எடத்துக்கெல்லாம் ஆள் வந்தாச்சு. டீ குடிக்கக்கூட வுட மாட்டீங்களா?"

கோபிநாத் பின்வாங்கினான். துரைசாமி விடுவாரா? "யோவ், மரியாதையா பேசு. யாரு வூட்டு ஆளுங்கன்னு தெரியுமா? உன் பேரு இன்னா?" என்று அடையாள அட்டையைப் பிடிக்க வந்தார். மதியழகன் அட்டையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான். "மொட்டை, இரு, உங்க மேனேஜர் வரட்டும்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது சண்டை மட்டும்தான், 'மேனேஜர் மதியழகன்' விழவில்லை. அதனால் பிழைத்தான்.

மறுநாள் பக்கத்து மிஷினுக்குப் பேரணாம்பட்டு ஆள் ஒருத்தன் வந்து நின்றான். வேறு யாரோ சொல்லி வந்தவன்.

அடுத்த கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான். மதியழகன் என்ன செய்தான் தெரியுமா? வேலூர் பஜாரில் ஃபாரின் சாக்லேட் விற்கிற கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி, அதில் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததாக எல்லாருக்கும் கொடுத்தான். "குளிரு ஜாஸ்தி. ஆனா அங்க ரோட்டுல எல்லாரும் தொப்பிதான்" என்று பயணக் கதை வேறு. ஹாலே வாய் பிளந்து கேட்டது. சூரியபிரகாஷுக்குப் பொறாமையில் முகம் சுண்டிவிட்டது. அதைப் பார்க்க மதியழகனுக்கு அப்படி ஒரு திருப்தி.

கைதட்டல் அடங்கியதும் துரைசாமி எழுந்தார். "சந்தோஷமான நேரத்துல சொல்லக் கூடாது. ஆனா சாருக்கு தெரியணும்" என்று ஆரம்பித்தார். கேட்டுக்கு எதிரே நடந்ததை நடந்ததற்கு இரண்டு மடங்காகச் சொன்னார். மொட்டைத் தலை, அழுக்குக் கோட்டு, குடிகாரப் பேச்சு, மருமகனைப் பிடித்துத் தள்ளாத குறை என்றார். குடித்தது டீ என்பதை விட்டுவிட்டார். "உங்க பேர சொன்னேன் சார். உங்க பேருக்கே மரியாதை குடுக்கல அவன். அந்த மாதிரி ஆள வெச்சுக்கிட்டா கம்பெனி உருப்படுமா? தூக்கணும் சார் அவன."

"தூக்கணும்" என்று மாட்டுக்காரத் தொப்பி சொன்னது. நாலு பக்கமிருந்தும் "ஆமா, தூக்கணும்" என்று குரல் எழுந்தது.

பூர்ணிமா மட்டும் கையைத் தூக்கினாள். "கேட்டுக்கு எதிர்ல வழிமறிச்சு வேலை கேட்டா யாருக்கும் சுருக்குன்னுதான் வரும். அதுக்கு வேலைய எடுக்கிறதா? அந்தாளுக்கும் வீடு வாசல் இருக்கும் இல்ல சார்? பாவம், அன்னிக்கு அவருக்கு இன்னா கஷ்டமோ."

மதியழகனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த நீலக் கோட்டுக்காரனுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனையே எதிரே வைத்துக்கொண்டு, அவனுக்குத்தான் என்று தெரியாமல், ஒருத்தி பரிந்து பேசுகிறாள். "நீங்க சொல்றது சரி மேடம், விட்டுடலாம்" என்றால் தீர்ந்தது. இல்லாத பதவியை வைத்துச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்தான். எல்லாத் தொப்பிகளும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

"உங்களுக்கு ஃபேக்டரி நிலவரம் தெரியாது மேடம்" என்றது மேனேஜர் குரல். "இந்த மாதிரி ஆளுங்களுக்கு பாவம் பார்த்தா தலைமேல ஏறிடுவானுங்க. நாளைக்கே அனுப்பிடறேன்."

அவ்வளவு பெரிய கைதட்டல் அந்தச் சங்கத்தில் அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. அது ஓய்கிறவரைக்கும் காத்திருந்த துரைசாமி, குரலைத் தாழ்த்திக் கொஞ்சம் கெஞ்சலாகவே கேட்டார். "அப்ப அவன் எடம் காலியாவும் இல்ல சார்? அதுல நம்ம மாப்பிள்ளைய போட்டுடுங்களேன். அதே கட்டிங்தான். நாளைக்கு காலையில கேட்டுக்கு அனுப்பட்டா?"

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அதில் ஒரு குளிர்ச்சி உண்டு. ஏசி ஹாலில் ரெக்ஸினுக்கு அடியிலிருந்து வியர்வை மதியழகனின் கன்னத்தில் வழிந்தது. காலையில் கோபிநாத் கேட்டில் வந்து நிற்பான், இந்த முறை காய்த்த விரலோடு கழுத்து அட்டையில் இருக்கும் பெயரையும் பார்ப்பான் என்பது தெரிந்தது. தெரிந்தும், "அனுப்புங்க" என்றான்.

துரைசாமி அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காய்த்த விரல்கள் அப்போதும் அவருக்குத் தட்டுப்படவில்லை. பூர்ணிமா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவருகில் நின்று திரும்பி, "வேலைய விட்டு அனுப்பப் போற ஆளு பேராவது தெரியுமா சார் உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாது மேடம்" என்றான் மதியழகன். "அந்த மாதிரி ஆளுங்க அங்க ஆயிரம் பேரு. யாரு பேர் தெரிஞ்சு வெச்சுக்கிறது?"

அவனைப் பற்றி அவ்வளவு கேவலமாக அதுவரை யாரும் பேசியதில்லை.